பேட்டரியை மறந்துவிட்டுத் தொட்டியைக் கட்டுங்கள்

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

மாமியார் பெயரில் பட்டா உள்ள 30 சென்ட் நிலம். 20 சென்டில் குண்டுமல்லி, மீதியில் கத்தரியும் கீரையும். கணவருக்குத் திருப்பூரில் வேலை. தோட்டம் இவர் தலையிலும் மாமியார் தலையிலும். நிலத்துக்கு மின் இணைப்பு இல்லை. திறந்த கிணறு மூன்று பங்காளிகளுக்குப் பொது. வாரத்தில் ஆளுக்கு இரண்டு நாள் முறை, ஞாயிற்றுக்கிழமை கிணற்றுக்கு ஓய்வு. தன் முறையில் வாரம் ஒரு தடவை டீசல் இன்ஜினை வாடகைக்கு எடுத்து இரண்டு மணி நேரம் வாய்க்காலில் பாய்ச்சுகிறார். பூ விற்ற காசில் பெரும்பங்கு அதற்கே போய்விடுகிறது. விடிவதற்கு முன் ஒரு கையில் கைப்பேசி வெளிச்சம், மறு கையில் பறிப்பு. போன மாதம் செடிக்கடியில் கட்டுவிரியனைப் பார்த்ததிலிருந்து மாமியார் இருட்டில் இறங்க மறுக்கிறார்.

கையில் இருப்பவை: தம்பி கொடுத்த 40 வாட் சோலார் பேனல், வீட்டில் கிடக்கும் 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) இன்வெர்ட்டர் பேட்டரி, ஆறு 200 லிட்டர் டிரம். தோட்டத்தில் நான்கு கம்பம் நட்டு விளக்குப் போட வேண்டும். மருந்து தெளிக்கும் பேட்டரி மோட்டார் ஒன்றைக் கிணற்று மேட்டில் வைத்து, பகலில் ஏறிய சார்ஜில் இரவு முழுக்கச் சொட்டு நீர் விட வேண்டும். மீதிக் கரண்டில் காட்டுப்பன்றிக்கு வேலி போடலாம் என்கிறார் தம்பி. "கடைக்காரர் பேட்டரியோடு சேர்த்துச் சொல்லும் விலை எங்களுக்குக் கட்டாது. நாங்களே செய்தால் நடக்குமா? இல்லை, மானியத்துக்குக் காத்திருக்கலாமா?" இதுதான் கேள்வி.

சகோதரி, பெரும்பகுதி நடக்கும். ஆனால் நீங்கள் போட்டு வைத்திருக்கும் வரிசையில் நடக்காது. வேளாண் பொறியாளனாக இருந்த காலத்தில் இதே மாதிரி எத்தனையோ தோட்டங்களுக்குப் போயிருக்கிறேன். நின்றுபோன சோலார் அமைப்புகளில் பேனல் கெட்டுப் போனது அபூர்வம். பேட்டரி செத்திருக்கும், அல்லது பங்காளியோடு தகராறாகி பம்ப்பைக் கழற்றியிருப்பார்கள். உங்கள் திட்டத்தில் இந்த இரண்டுக்குமே இடம் இருக்கிறது.

முதலில் அந்தப் பழைய பேட்டரியை விட்டுவிடுங்கள். பெரிய பேட்டரி இருப்பது பலம் என்று நினைக்கிறீர்கள். 150 ஏ.எச். பேட்டரி ஒழுங்காக ஏற வேண்டுமென்றால் 10 முதல் 15 ஆம்பியர் போக வேண்டும். உங்கள் 40 வாட் பேனல் நல்ல உச்சி வெயிலில் கொடுப்பது 2 ஆம்பியர் சொச்சம். அண்டாவை டம்ளரால் நிரப்புகிற கதை. நிரம்பாமலே கிடக்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, இருக்கிற கொஞ்ச உயிரும் போய்விடும். சார்ஜ் ஏறும்போது வருகிற ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு, உள்ளே இருப்பது அமிலம். மூடிய அறையில் வைத்து அதன் பக்கத்தில் படுத்துத் தூங்குவது வேண்டவே வேண்டாம். பேட்டரிக் கடையில் பழையதற்கு விலை தருவார்கள். அந்தக் காசு விளக்குச் செலவுக்கு உதவும்.

விளக்கு: கம்பத்தில் அல்ல, தலையில்

நான்கு கம்பம் என்றதும் நீங்கள் கல்யாண வீட்டு வெளிச்சத்தை மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றியது. மொட்டுப் பறிக்க வெளிச்சம் வேண்டியது விரல் நுனியில். கம்பத்து விளக்கு முதுகுப் பக்கம் இருந்தால் உங்கள் நிழலே செடி மேல் விழும். அதோடு 12 வோல்ட் கரண்ட் தூரம் போகாது. 0.75 சதுர மி.மீ. மெல்லிய வயரில் 150 அடிக்கு நான்கு 5 வாட் பல்பை இழுத்தால், 12 வோல்ட்டில் புறப்பட்டது கடைசியில் 8, 9 வோல்ட்டாகத்தான் போய்ச் சேரும். பல்பு மின்மினி மாதிரி எரியும். நீங்கள் பேனலைத் திட்டுவீர்கள்.

தலையில் கட்டும் சார்ஜ் லைட் இரண்டு வாங்குங்கள், உங்களுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. நிலக்கோட்டைப் பக்கம் பூ பறிக்கிறவர்கள் நெற்றியில் லைட்டோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையும் சும்மா இருப்பதால் பறிப்பும் வேகமாகும். லைட் இருந்தாலும் காலில் கம்பூட் இருக்கட்டும். இலைக்கடியில் கிடக்கும் விரியனை எந்த வெளிச்சமும் காட்டித் தராது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

40 வாட் பேனலைக் கொட்டகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி கரண்டில் நேரே எரியும் 5 வாட் டி.சி. பல்பு இரண்டு, நான்கு மணி நேரம் எரிந்தால் 40 வாட்-அவர் (வாட்டை மணியால் பெருக்கியது). இரண்டு தலை லைட்டும் ஒரு கைப்பேசியும் சார்ஜ் ஏற இன்னொரு 30 என்று வையுங்கள். மொத்தம் 70. நம் பக்கம் வெயில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம். தூசி, சூடு, வயர் எல்லாம் தின்றது போக நான்கு என்று கணக்கு வைப்பது என் பழக்கம். 40 வாட் பெருக்கல் 4, 160 வாட்-அவர். ஐப்பசி மழையில் பாதியாகக் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். இதற்கு 12.8 வோல்ட், 12 ஏ.எச். லித்தியம் பாஸ்பேட் பேட்டரி போதும். இரண்டு நாள் சூரியனே தெரியாவிட்டாலும் விளக்கு எரியும். பேனல் கரண்டைப் பேட்டரிக்கு அளவோடு ஏற்றும் சார்ஜ் கண்ட்ரோலர் வாங்கும்போது "லித்தியத்துக்கு ஒத்துவருமா" என்று கேட்டு வாங்குங்கள். ஈய பேட்டரிக்கு மட்டுமான கண்ட்ரோலரை இதில் மாட்டக் கூடாது.

பேனலைத் தெற்கே பார்த்து, தண்ணீர் வழிந்தோடுகிற அளவு, 12 முதல் 15 டிகிரி சாய்த்து வையுங்கள். கொட்டகை ஓரத்து முருங்கை நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே கரண்ட் பாதிக்கு மேல் படுத்துவிடும், அந்தக் கிளையை வெட்டிவிடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 5 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்க வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி, ஆனால் இரண்டு வயர் உரசினால் பேட்டரி கொட்டும் கரண்டில் வயர் பழுத்துக் கூரை பிடித்துக்கொள்ளும். உங்கள் கொட்டகை தென்னங்கீற்று என்று எழுதியிருக்கிறீர்கள்.

மாட்டும் வரிசை: முதலில் பேட்டரியைக் கண்ட்ரோலரில், அடுத்து பேனலை, கடைசியில் விளக்கை. கழற்றும்போது தலைகீழ். நான் முதன்முதலில் என் வீட்டு மாடியில் செய்தபோது பேனலை முதலில் மாட்டினேன். வெறும் பேனல் 21 வோல்ட் காட்ட, கண்ட்ரோலர் இது 24 வோல்ட் அமைப்பு என்று எடுத்துக்கொண்டது. மூன்று பல்பும் ஒரே நேரத்தில் போயின. படித்த படிப்பெல்லாம் எங்கே என்று வீட்டில் கேட்டார்கள்.

தண்ணீர்: முதலில் லிட்டரில் கணக்குப் போடுங்கள்

இதுதான் முக்கியமான பகுதி. 20 சென்ட் என்பது சுமார் 810 சதுர மீட்டர். 1.25 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஏறக்குறைய 500 செடி. சித்திரை வெயிலில் வளர்ந்த செடிக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் 2,000 லிட்டர். ஒரு டிராக்டர் டேங்கரில் பாதிகூட இல்லை. இப்போது வாரம் ஒரு தடவை இரண்டு மணி நேரம் இன்ஜின் ஓட்டுகிறீர்கள். நிமிடத்துக்கு 400 லிட்டர் என்று குறைத்துப் போட்டாலே 48,000 லிட்டர். அதில் பெரும்பகுதி வாய்க்காலிலும், வேருக்குக் கீழேயும், கோரைக்கும் போகிறது.

கிணற்றில் தண்ணீர் 20 அடியில் நிற்கிறது என்கிறீர்கள். அங்கிருந்து தொட்டியின் வாய் வரை, குழாய் உராய்வையும் சேர்த்து 10 மீட்டர் என்று வைப்போம். 2,000 லிட்டரை 10 மீட்டர் தூக்கத் தேவையான ஆற்றல் வெறும் 54 வாட்-அவர். சின்ன பம்ப்புகள் வாங்கும் கரண்டில் கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கைத்தான் தண்ணீராகத் திருப்பித் தரும். அதனால் 200 வாட்-அவர் வேண்டும். 100 வாட் பேனல் இரண்டு இருந்தால் தாராளம். நல்ல வெயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் தொட்டி நிரம்பிவிடும். மேகமூட்டமான நாளில் மாலை வரை மெதுவாக ஓடி நிரப்பட்டும். (தண்ணீர் 300 அடி ஆழத்துப் போர்வெல்லில் இருந்திருந்தால் இந்தக் கணக்கு ஒன்பது மடங்கு ஆகியிருக்கும். நானே உங்களைச் சும்மா இருங்கள் என்று சொல்லியிருப்பேன்.)

இந்த இடத்தில்தான் பேட்டரி தேவையற்றுப் போகிறது. சூரியன் இருக்கும்போது பம்ப் ஓடட்டும். ஏறிய தண்ணீர் தொட்டியில் நிற்கட்டும். வேண்டிய நேரத்தில் வால்வைத் திறந்துவிடுங்கள். தொட்டி ஆண்டுக்கணக்கில் உழைக்கும், பேட்டரி அப்படியில்லை. கடைக்காரர் சொன்ன விலையில் பெரும்பகுதி பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும்தான். இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி விலை கேளுங்கள்.

தெளிப்பான் மோட்டாரைக் கிணற்று மேட்டில் வைக்கும் யோசனையும் சரிப்படாது. மேலே இருந்து உறிஞ்சும் பம்ப் எதுவானாலும் 6, 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சத் திணறும். அந்தச் சின்ன மோட்டாருக்கு அதில் பாதிகூட முடியாது. விட்டுவிட்டு ஓடத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், நாள் முழுக்க ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிடும். தண்ணீருக்குள் இறக்குகிற 24 வோல்ட் டி.சி. நீர்மூழ்கி பம்ப், பிரஷ் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே ஒரு பம்ப் கண்ட்ரோலர், தண்ணீர் வற்றினால் நிறுத்திவிடும் மிதவை சுவிட்ச். நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும், வயரில் தொங்கவிடக் கூடாது.

டிரம்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆறு டிரம்மை மூங்கில் பரணில் ஏற்றப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு டிரம் நிறையத் தண்ணீர் என்றால் 1,200 கிலோ. குழந்தைகள் விளையாடுகிற இடத்துக்கு மேலே அது நிற்கப் போகிறது. உங்கள் நிலத்தின் வடமேற்கு மூலை மூன்றடி மேடு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் வரம். அங்கே நான்கடிக்குக் கருங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்துக் கட்டி, 2,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை உட்கார வையுங்கள். ஏழடி உயரம் கிடைத்துவிடும். கையில் காசு இல்லையா, 1,000 லிட்டர் தொட்டியை ஒரு நாளில் இரண்டு தடவை நிரப்புங்கள். டிரம்கள் உரக் கரைசலுக்கு உதவும்.

ஏழடி உயரம், அதாவது 2 மீட்டர் சொச்சம், கொடுக்கும் அழுத்தம் 0.2 பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). கடையில் '4 லிட்டர்' என்று விற்கும் டிரிப்பர், அதாவது செடிக்கடியில் சொட்டும் முனை, 1 பார் அழுத்தத்தில் அளந்தது. உங்கள் தொட்டியில் அது மணிக்கு 1.8 லிட்டர்தான் சொட்டும். பயப்பட வேண்டாம், இரண்டே கால் மணி நேரம் விட்டால் 4 லிட்டர் கணக்கு சரியாகிவிடும். விலை கூடியது நல்லது என்று நினைத்து அழுத்தத்தைத் தானே சமன் செய்யும் பி.சி. டிரிப்பர் வாங்கிவிடாதீர்கள், அது இந்த அழுத்தத்தில் வேலை செய்யாது. சாதாரண டிரிப்பரோ மைக்ரோ டியூப் என்ற மெல்லிய குழாயோ போதும். செடி வரிசையில் ஓடும் 16 மி.மீ. லேட்டரல் குழாயை 20 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். தொட்டிக்கு வெளியே வரும் குழாயில் கழுவக்கூடிய வலை ஃபில்டர் ஒன்று கட்டாயம். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் குடம் வெள்ளை பூக்கிறது என்கிறீர்கள். அதே உப்புதான் டிரிப்பரையும் அடைக்கும். வாரம் ஒரு முறை லேட்டரல்களின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிகிற வரை ஓட விடுங்கள்.

கத்தரிக்கும் கீரைக்கும் இந்த ஆண்டு கை வைக்க வேண்டாம். அதை இன்ஜினிலேயே பாய்ச்சுங்கள். இரண்டு மணி நேர வாடகை நாற்பது நிமிடமாகக் குறைந்தாலே உங்களுக்குத் தெம்பு வந்துவிடும்.

பங்காளிகளிடம் முதலில் பேசுங்கள்

முறை என்பது நாளில் இருக்கிறது, லிட்டரில் இல்லை. உங்கள் சோலார் பம்ப்போ தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும், அடுத்தவர் முறையிலும் எடுக்க வேண்டும். கேட்காமல் இறக்கினால் மூன்றாம் நாளே சண்டை. ஆனால் உங்கள் பக்கம் நல்ல கணக்கு இருக்கிறது. இப்போது வாரத்துக்கு 48,000 லிட்டர் எடுக்கிறீர்கள். இனி பூவுக்கு 14,000, காய்கறிக்கு இன்ஜினில் ஒரு 16,000, ஆக 30,000. கிணற்றில் மீதி நிற்பது அவர்களுக்குத்தான். "நாளைக்கு 2,000 லிட்டருக்கு மேல் எடுக்க மாட்டோம், தொட்டி அளவே சாட்சி" என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு தாளில் எழுதி மூன்று குடும்பமும் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன் மாமியாரிடம் உள்ள பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கு, பம்ப் வைக்கும் இடம், குழாய் போகும் பாதை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துவிடுங்கள். ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால், உங்கள் இரண்டு நாளில் காலை முதல் மாலை வரை ஓட்டி, பெரிய தொட்டியில் சேர்ப்பதுதான் வழி. அதற்குச் செலவு கூடும்.

வேலிக்கு மட்டும் 'வேண்டாம்'

தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இன்வெர்ட்டரிலிருந்தோ பக்கத்துத் தோட்டத்து லைனிலிருந்தோ 230 வோல்ட்டைக் கம்பியில் விடுவது வேலி இல்லை, கொலைக்கருவி. விடியுமுன் அந்தக் கம்பியைத் தாண்டப் போவது நீங்களும் உங்கள் மாமியாரும். யாராவது இறந்தால் மரணத்தை விளைவித்த குற்றத்துக்கான வழக்கு, லைனிலிருந்து எடுத்திருந்தால் மின்திருட்டு வழக்கும் சேரும். முறையான சூரிய மின்வேலி வேறு சாதனம். அதன் எனர்ஜைசர், அதாவது கம்பிக்குக் கரண்ட் அனுப்பும் கருவி, நொடிக்கு ஒரு தடவை மிகக் குறுகிய அதிர்வை மட்டும் அனுப்பும், உயிரைக் குடிக்காது. தமிழ்நாட்டில் அதற்கும் 2023 முதல் தனி விதிகள் இருக்கின்றன. காட்டோரம் என்றால் வனத்துறையைக் கேட்காமல் போடக் கூடாது.

மானியம் பற்றி. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு, அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்கு உட்பட்டு 100 சதவீத மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 75. பட்டா மாமியார் பெயரில் இருப்பதால் விண்ணப்பமும் அவர் பெயரில்தான் போக வேண்டும். வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். ஆனால் அவர்கள் போடுவது பம்ப்பின் அழுத்தத்தில் ஓடுகிற அமைப்பு. "எனக்குத் தொட்டியிலிருந்துதான் தண்ணீர், ஏழடி உயரம்தான்" என்று வடிவமைக்க வருபவரிடம் முதல் நாளே சொல்லாவிட்டால், குழாய் பளபளவென்று கிடக்கும், தண்ணீர் பாதிச் செடிக்குக்கூடப் போகாது. சோலார் பம்ப்புக்கும் மானியம் இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்கலாம். அது குதிரைத்திறன் கணக்கில் வரும் பெரிய பம்ப்; மூன்று பங்காளிகளும் சேர்ந்து கேட்டால் அர்த்தமுண்டு, 20 சென்ட் மல்லிகைக்கு மட்டும் என்றால் அதிகம். சொட்டுநீருக்கு விண்ணப்பியுங்கள், அது வருவதற்குள் தொட்டி மேடையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

தலை லைட்டை இந்த வாரமே வாங்கிவிடலாம், அதற்கு எதையும் யோசிக்க வேண்டாம். பம்ப் வாங்குவதற்கு முன் ஒரு வேலை. நீளமான கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். பங்காளிகள் பாய்ச்சி முடித்த அன்று மாலை ஒரு தடவை, ஓய்வு நாள் கழிந்து திங்கட்கிழமை காலை ஒரு தடவை கிணற்றில் இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது, அதற்குக் கீழே தரை எத்தனை அடி என்று குறித்து வையுங்கள். மூன்று வாரம் போதும். 20 அடி என்று நீங்கள் எழுதியது எந்த மாதத்துக் கணக்கு என்று கடிதத்தில் இல்லை. சித்திரையில் அது 35 அடிக்கு இறங்கும் கிணறாக இருந்தால் பம்ப்பும் பேனலும் மாறும். அந்த எண்களோடு எழுதுங்கள், மாடல் எது என்று அப்புறம் பார்த்துக்கொள்வோம்.